தண்ணியில முக்கின குச்சி

மாடத்தி: ...அந்தக் கதவுக்கிட்டயே போயி நின்னுக்கிடுவோம் செல்வி. இங்கன இருந்தா கூப்பிடுறது காதுல விழாது.

செல்வி: நம்ம பதினேழு மதினி. இப்பத்தான் எட்டு உள்ள போயிருக்கு. உக்காருங்க.

மாடத்தி: சீட்டு எங்க? குடு, நான் வச்சிருக்கேன்.

செல்வி: பர்சுல பத்திரமா இருக்கு.

மாடத்தி: எடேன். பாத்துட்டுத் தாரேன்.

செல்வி: பாத்து? படிச்சிருவீகளாக்கும்.

மாடத்தி: எம் பேரு எழுதியிருந்தாப் படிப்பேன். அது ஒண்ண மட்டும் யோகேஸ்வரி எழுதி எழுதிக் காட்டிப் பழக்கி விட்டுருக்கா. ஏழு வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவளுக்கு அதுவே பெருசு.

செல்வி: அப்பச் சரி. ஓங்க பேரு போட்ட சீட்டு வந்தாக் காட்டுறேன்.

மாடத்தி: ஒனக்கு எல்லாம் வெளாட்டு.

செல்வி: பின்ன? பட்டாசு சீசன் நேரத்துல ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட்டுட்டு விருதுநகரு வந்திருக்கோம். போர்மேன் மூஞ்சி நேத்து எப்படிப் போச்சு, பாத்தீகளா? ரூமுக்கு நாலு பேரு, அதுல ரெண்டு பேரு வரலன்னா லோடு எப்படிம்மா போகும்னு கேக்கான்.

மாடத்தி: நீ என்ன சொன்ன?

செல்வி: வளைகாப்புன்னேன்.

மாடத்தி: யாருக்கு?

செல்வி: அவன் கேக்கல. கேட்டிருந்தா ஓங்களுக்குன்னு சொல்லியிருப்பேன்.

மாடத்தி: நாப்பத்தி ரெண்டு வயசுல... வாயிலயே போடுவேன். பக்கத்துல ஆளு இருக்கு, மெல்லப் பேசு. இது என்ன சேலை? ஆஸ்பத்திரிக்கு வார சேலையா இது, மினுமினுன்னு.

செல்வி: வருசம் பூரா நூல்சேலையத்தான சுத்திக்கிட்டுப் போறோம். நைலக்ஸ் கட்டிட்டு வந்தா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவான், பொறி வந்துரும்னு. இன்னைக்குக் கட்டாம என்னைக்குக் கட்ட? இங்கன வெடிக்கிறதுக்கு என்ன இருக்கு?

மாடத்தி: கதவத் தொறக்காக, பாரு.

செல்வி: பச்சைச் சேலைக்கார அக்கா வெளிய வருது. நானே போயி விசாரிச்சுட்டு வாரேன்.

மாடத்தி: ஏத்தா, யாரு எவருன்னு தெரியாம...

செல்வி: ஒரே வரிசையில உக்காந்திருக்கோம், இதுக்கு மேல என்ன தெரியணும்? இருங்க.

மாடத்தி: போயிட்டா, பாரு.

செல்வி: கேட்டுட்டேன். எம்.புதுப்பட்டியாம். அதுவும் நம்மளப் போல ஃபயர் ஆபீஸுதான், திரி வெட்டுதாம்.

மாடத்தி: அத விடு. உள்ள என்ன செய்றாகளாம்?

செல்வி: அம்மாடி, ஓங்களுக்கு என்ன அவசரம்? படுக்கப் போறது நானு.

மாடத்தி: தொணைக்கு வந்தவ கேக்க மாட்டாளா? சொல்லு.

செல்வி: டாக்டரு பொம்பளைதான். கட்டில்ல படுக்கச் சொல்லி, காடித்தண்ணி மாதிரி ஒண்ணக் கர்ப்பப்பை வாயில தடவி, லைட்டு வச்சுப் பாக்காகளாம். கிருமி கெடுத்து வச்ச எடம் வெள்ளையாத் தெரியுமாம். கொஞ்சமாத் தெரிஞ்சா அன்னைக்கே சூடு வச்சுக் கருக்கி விட்டுருவாகளாம்.

மாடத்தி: சூடா?

செல்வி: தீட்டு வலி மாதிரி கொஞ்ச நேரம் சுருட்டிப் பிடிக்குமாம். அம்புட்டுத்தான். அந்தக்காவுக்கு வச்சாச்சு. இப்ப வடை திங்கப் போகுது.

மாடத்தி: நெறையத் தெரிஞ்சா?

செல்வி: ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாகளாம். அப்புறம் அதுக்குத் தக்கன வைத்தியம். சீக்கிரமா வந்தா எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுச்சாம்.

மாடத்தி: சீக்கிரம்னா... எம்புட்டுச் சீக்கிரம்?

செல்வி: அத நான் கேக்கல. எனக்கெதுக்கு அது? நான்தான் டெஸ்டுக்குக் குடுத்த குச்சியவே பிரிக்கலையே.

மாடத்தி: சத்தத்தக் கொறைடி.

செல்வி: யாருக்குக் கேக்கப் போகுது? எனக்கு நெனைக்க நெனைக்கச் சிரிப்பு வருது மதினி. சின்னத்தாய் இருக்காள்ல, வீடு வீடா பிரசரு மாத்திரை குடுக்க வாரவ, பையத் தூக்கிட்டு வந்தா. தொவைக்கிற கல்லுக்கிட்ட என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போனா. செல்வலட்சுமி, பதறாத, ஒன் குப்பியில கிருமி இருக்குன்னு வந்திருக்கு, கிருமின்னா புத்துநோயி இல்ல, ஆனா விட்டா பல வருசம் கழிச்சு அப்படி மாறினாலும் மாறும், அதனால உள்ள பாக்கணும்னு மனப்பாடம் பண்ணின மாதிரி சொல்லிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டா. நான் சிரிச்சுட்டேன்.

மாடத்தி: சிரிச்சியா.

செல்வி: சிரிக்காம? ரூம்ல நாலு பேரும் அன்னைக்கு எப்படிக் கேலி பேசினோம். அவகவளே குச்சிய விட்டு எடுத்துக் குப்பியில போட்டு மூடிக் குடுக்கணுமாம்னு. மூத்தவுக பாலம்மாக்கா கூட எடுத்துக் குடுத்துச்சு. நான்தான் செத்தாலும் மாட்டேன்னு நின்னேன். நீங்கதான... சின்னத்தாய் ஒன்னைய விடமாட்டா, குப்பிய எங்கிட்டக் குடு, தண்ணியில முக்கி ஒன் பேருக்குக் குடுத்துருதேன்னீக.

மாடத்தி: ம்.

செல்வி: சரம் பின்னுறப்ப எனக்கு நாலு கொறைஞ்சா, நீங்க பின்னி என் கூடையில போடுவீகள்ல, அதே மாதிரி.

மாடத்தி: போட்டதுதான்... என்ன இப்ப.

செல்வி: ஒண்ணுமில்ல. ஓங்களுத மட்டும் ஒழுங்கா எடுத்தீக.

மாடத்தி: ...ஆமா.

செல்வி: ஓங்களுக்கு என்ன வந்துச்சு? நான் கேக்கவே இல்ல, பாருங்க.

மாடத்தி: சரியா விழலையாம். திரும்ப எடுக்கணும்னு சின்னத்தாய் சொன்னா.

செல்வி: அதத்தான் எனக்குப் புரியல. தண்ணியில முக்கினதுல கிருமி வந்திருக்கு. நெசமா எடுத்ததுல ஒண்ணுமே விழலையாம்.

மாடத்தி: மெசினுதான... தப்பாச் சொல்லும்.

செல்வி: தப்பாத்தான் இருக்கும். அப்ப எந்திரிங்க.

மாடத்தி: எங்க?

செல்வி: வீட்டுக்கு. இப்பக் கிளம்பினா மத்தியானத்துக்குள்ள தாயில்பட்டி போயி வேலைய முடிச்சுரலாம். தண்ணிக்கு வைத்தியம் பாக்க நான் எதுக்குக் கட்டில்ல ஏறணும்?

மாடத்தி: இரு... வந்தது வந்துட்டோம்.

செல்வி: வந்தா?

மாடத்தி: பாத்துட்டே போவோம். டாக்டரம்மாகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கலாம்.

செல்வி: என்னன்னு?

மாடத்தி: பொதுவா. என்ன செய்யும், எப்படி இருக்கும்னு...

செல்வி: எப்படி இருக்கும்னு எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்றேன். மாசத்துக்கு மூணு வாட்டி தலைக்கு ஊத்த வைக்குமாம். மத்தியானம் எல்லாரும் தூக்குச்சட்டியத் தொறக்கிறப்ப, எனக்குப் பசிக்கலன்னு தனியாத் தண்ணித் தொட்டிப் பக்கம் போக வைக்குமாம். சேலையக் கசக்கி ஈரத்தோட கட்டிட்டு வர வைக்குமாம்.

மாடத்தி: ...யாரு சொன்னா?

செல்வி: அந்தப் பச்சைச் சேலைக்கார அக்கா.

மாடத்தி: அந்தம்மாவுக்கும் அப்படியா?

செல்வி: ம்.

மாடத்தி: அது ஒடம்புச் சூடு. வெடிமருந்துக்குள்ளயே கிடக்கோம்ல, அந்தச் சூடு. எளநி குடிச்சா அடங்கிரும்.

செல்வி: அடங்குச்சா?

மாடத்தி: யாருக்கு?

செல்வி: யாருக்கோ. விடுங்க. யோகேஸ்வரிக்கு பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாச்சா?

மாடத்தி: போன மாசமே. பதினாலு வயசுப் பிள்ளைகளுக்குன்னு ஒரு காயிதம் கொண்டாந்தா. கையெழுத்துப் போட்டேன். எதுக்குத்தா ஊசின்னு கேட்டா, ஒனக்குக் குச்சி வந்துருக்குல்லம்மா, அதே கிருமிதான், எனக்கு வராம இருக்க ஊசி, ஒனக்கு வந்துருக்கான்னு பாக்கக் குச்சின்னு சொல்லுதா.

செல்வி: வெவரம்.

மாடத்தி: அந்தக் குச்சி உறையில படம் போட்ட காயிதம் இருந்துச்சுல்ல, அத எனக்குப் படிச்சுச் சொன்னதே அவதான். எப்படி எடுக்கணும், எத்தனை சுத்துச் சுத்தணும், கை கழுவணும்னு ஒண்ணு விடாம. எனக்குத்தான் மூஞ்சிய எங்க வைக்கன்னு தெரியல. அவ பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிட்டு... ரிசல்ட்டு நம்ம போனுக்குத்தான் வரும்மா, வந்ததும் நான் படிச்சுச் சொல்றேன்னா.

செல்வி: போனு அவகிட்டத்தான இருக்கும்.

மாடத்தி: வேற யாருகிட்ட இருக்கும்? போனக் கொண்டு கேட்டுக்குள்ள போக முடியுமா? காலையில ஆறரைக்கு அவ கையில குடுத்துட்டு வண்டி ஏறினா, சாயந்தரம் வரைக்கும் எது வந்தாலும் அவதான் மொதல்ல கேப்பா.

செல்வி: பழகினதுதான.

மாடத்தி: பழகினதுதான்... அவுக அப்பன் ரூமு வெடிச்ச அன்னைக்கும் அந்தப் போனுலதான் சொன்னாக. நான் வேற ஆபீஸ்ல, உள்ள கிடக்கேன். இவதான் எடுத்திருக்கா. பதினோரு வயசு. மாடத்தி வீடாம்மான்னு கேட்டிருக்கான் எவனோ. ஆமான்னிருக்கா. பெரியவுக யாரும் இருக்காகளான்னு கேக்காம அப்படியே சொல்லிப்புட்டான். நான் சேதி கேட்டு ஓடியாரப்ப, போன மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. அழுகல. அப்பா செத்துப் போச்சாம்மான்னு எனக்கு அவ சொல்லுதா செல்வி. நான் அவளுக்குச் சொல்லல. அவ எனக்குச் சொன்னா.

செல்வி: இத நீங்க சொன்னதே இல்லையே மதினி.

மாடத்தி: எத்தனைய சொல்ல.

செல்வி: ...தண்ணி குடிக்கீகளா?

மாடத்தி: வேண்டாம். எத்தனை போயிருக்கு?

செல்வி: பதினஞ்சு.

மாடத்தி: இம்புட்டு வெரசாவா?

செல்வி: ஏன், பயமா இருக்கா?

மாடத்தி: எனக்கு என்ன பயம்.

செல்வி: எனக்கும் இல்ல. நான் யோசிச்சுட்டேன். நீங்க சொல்றதுதான் சரி, வந்தது வந்துட்டோம், போயிப் படுத்துட்டு வந்துருதேன். எனக்கு வெள்ளையும் தெரியாது கருப்பும் தெரியாது. ஒண்ணுமில்லன்னு எழுதிருவாக. சின்னத்தாய் நோட்டுல அந்தப் பேர அடிச்சுருவா. அதோட அந்தக் குப்பிக் கதை முடிஞ்சுது.

மாடத்தி: முடிஞ்சுதுன்னா?

செல்வி: அப்புறம் யாரையும் தேட மாட்டாக.

மாடத்தி: யாரையுமா...

செல்வி: தேட என்ன இருக்கு? கிருமின்னு வந்த ஆளக் கூப்பிட்டாக, பாத்தாக, இல்லன்னுட்டாக. நாளைக்கு நீங்களும் நானும் பழையபடி சரம் பின்னுவோம். நீங்க மத்தியானம் தொட்டிப் பக்கம் போயிட்டு வருவீக.

மாடத்தி: செல்வி...

செல்வி: ரூமுக்குள்ள போறப்பப் பொறி வராம இருக்கச் செப்புத் தகட்டத் தொட்டுட்டுப் போவோம்ல, இங்கயும் எதையாச்சும் தொடணுமான்னு தெரியல. பதினாறு உள்ள போயிருச்சு. இந்தாங்க, பையப் பிடிங்க.

மாடத்தி: போகாத.

செல்வி: கூப்பிடப் போறாக மதினி.

மாடத்தி: உக்காரு. சொல்றேன், உக்காரு. அது தண்ணி இல்ல.

செல்வி: எது?

மாடத்தி: ஒன் குப்பி. என் குப்பியிலதான் தண்ணி. என் குச்சியக் கொழாயில நனைச்சுப் போட்டு மூடிட்டேன். ஒன் குச்சியில... என்னுத எடுத்தேன்.

செல்வி: கை மாறிப் போச்சா?

மாடத்தி: கை மாறல. எம் பேரு எதுல இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியும்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன். எனக்கு ஒடம்பு சரியில்லன்னு நாலு மாசமாத் தெரியும் செல்வி. என்னன்னு பாக்கணும். ஆனா அந்தச் சேதிய அந்தப் பிள்ளை படிக்கக் கூடாது. ஒரு தடவை அவ கேட்டது போதும். ஒன் போனு ஆபீஸ் கேட்டு ரூம்ல அணைஞ்சு கிடக்கும், ஒன் புருசன் மாரிக்கண்ணன் தம்பி கேரளாவுல இருக்கு, ஒன் வீட்டுல எடுத்துப் பாக்க ஆளில்ல. கெட்டதா இருந்தா சின்னத்தாய் ஒங்கிட்ட வருவா, நீ எங்கிட்டச் சொல்லுவ, நான் தெரிஞ்சுக்கிடுவேன்னு... அம்புட்டுத்தான் நெனைச்சேன். ஒன் பேர்ல சீக்குன்னு ஊருக்குள்ள பேச்சாகும்னு தோணவே இல்ல. பயத்துல புத்தி அம்புட்டுத்தான் ஓடுச்சு.

செல்வி: நாலு நாளாச் சொல்லலையே மதினி.

மாடத்தி: தெனம் காலையில சொல்லிருவோம்னுதான் வண்டி ஏறுவேன். ஒன் மூஞ்சியப் பாத்ததும் வேற பேச்சுப் பேசிருவேன். இன்னைக்கு பஸ்ஸுல சொல்லிருவோம்னு வந்தேன். நீ வாய மூடினாத்தான?

செல்வி: ஓஹோ. எம் மேல தப்பாக்கும்.

மாடத்தி: என் தப்புதான். நீ உள்ள போகாத, நான் போறேன். பேரு கேட்டா ஒன் பேரையே சொல்லிக்கிடுதேன், இந்த ஒரு வாட்டி.

செல்வி: எம் பேரச் சொல்ல விடமாட்டேன்.

மாடத்தி: கோவமா?

செல்வி: வைத்தியம் பாத்தா ஓங்க பேர்லதான் பாக்கணும். அடுத்த வாட்டி வரச்சொன்னா யாரத் தேடுவாக?

மாடத்தி: இப்ப எப்படி மாத்த? வரிசையில பேரு குடுத்தாச்சே...

சிஸ்டர்: பதினேழு. மாடத்தி. தாயில்பட்டி மாடத்தி யாரும்மா? உள்ள வாங்க. கூட வந்தவங்க வெளிய இருங்க.

மாடத்தி: ...என்னையவா கூப்பிடுறாக?

செல்வி: இந்தா சீட்டு. ஓங்க பேரு போட்டது வந்தாக் காட்டுறேன்னேன்ல. படிங்க.

மாடத்தி: மா... டத்தி. இது எப்ப...

செல்வி: சின்னத்தாய் வந்து சொன்னாள்ல, அன்னைக்கே. தண்ணியில கிருமி வராது, என் கூடையில வந்து விழுறது எப்பவும் ஓங்க கைச் சரம்தான்னு எனக்குத் தெரியாதா? அவளத் திரும்பக் கூப்பிட்டு பேர மாத்தச் சொல்லி, போன் நம்பர மட்டும் என்னுதப் போட வச்சுட்டேன். யோகேஸ்வரிக்கு என்ன சொல்லணுமோ அத இன்னைக்குச் சாயந்தரம் நீங்க ஓங்க வாயால சொல்லுங்க, இந்த வாட்டி அம்மா பிள்ளைக்குச் சொல்லணும். எந்திரிங்க, அந்தம்மா பாக்குது. நான் இங்கனயேதான் இருப்பேன்... ஒரு அஞ்சு நிமிசம் மட்டும் இருக்க மாட்டேன். சின்னத்தாய் எனக்கு வேற குச்சி குடுத்துருக்கா, பையில இருக்கு. கொழாய்ப் பக்கமே போகாம எடுத்துட்டு வந்துருதேன்.